பேர் வெட்டுப்பட்ட பிறகு மீண்டும் வேலை கேட்பது எப்படி?

தொழிலாளர் கல்விப் பாடம்

தோட்டத்தில் ஒருவருடைய வேலை நிறுத்தப்பட்டால் லயத்தில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான்: "துரை நல்ல மனுசன். நேர்ல போயி ஒரு தடவ கும்பிட்டுக் கேளு. பேர் போட்ருவாரு."

அப்படிக் கேட்டு வேலை திரும்பக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கேட்டுக் கேட்டே மாதங்களை ஓட்டிவிட்டு, வேலையும் இல்லாமல், சட்டப்படி கேட்கும் உரிமையும் இல்லாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள். இன்னும் சிலர் வேலை கிடைத்த சந்தோஷத்தில், நீட்டிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு, பல வருஷ சேவையைப் பூச்சியமாக்கி விடுகிறார்கள்.

ஆகவே இந்தப் பாடத்தில் இரண்டு விஷயங்களை நன்றாக மனதில் பதித்துக் கொள்வோம். ஒன்று, மீண்டும் வேலைக்கு எடுப்பதில் இரண்டு விதம் உண்டு. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். இரண்டு, ஆறு மாதக் கெடு ஒன்று உண்டு. நாம் துரையிடம் பேசிக் கொண்டிருந்தாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்றும் இன்றும்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துரை சொன்னால் சொன்னதுதான். பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதற்கும் முந்திய காலத்தில் கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்தில் சேரவும் முடியாது. துண்டு முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் 1957இல் திருத்தப்பட்டு, அதன் மூலம் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. 'லேபர் கோட்டு' என்று நம்மாட்கள் சொல்வது இதைத்தான். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி தானாகவோ தன் சங்கத்தின் மூலமாகவோ அங்கே மனுச் செய்யலாம். நீக்கியது நியாயமில்லை என்று கண்டால், அதே வேலையில் மீண்டும் சேர்க்கும்படி உத்தரவிட அந்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. சேர்ப்பதற்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கும்படியும் உத்தரவிடலாம்.

ஆகவே இன்று நாம் துரையிடம் வேலை கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. சட்டமும் கூட வருகிறது. ஆனால் அது நம்முடன் ஆறு மாதம்தான் நடந்து வரும்.

வேலை போவது எத்தனை விதம்?

எப்படி வேலை போனது என்பதைப் பொறுத்துத்தான் எப்படித் திரும்பக் கேட்பது என்பதும் இருக்கிறது. தோட்டங்களில் பொதுவாக மூன்று விதமாக வேலை போகிறது.

முதலாவது, குற்றம் சொல்லி நிறுத்துவது. கொழுந்து நிறுவையில் சண்டை, கங்காணியை ஏசியது, சாமான் காணாமற் போனது என்று ஏதாவது ஒரு குற்றச்சாட்டு இருக்கும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம்' என்று சொல்வது இடைநிறுத்தம். 'இனி வேலை இல்லை' என்று சொல்வது வேலை நீக்கம். கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கு நடவடிக்கையாக ஒருவரை நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. எந்தத் தோட்டத்திலும் பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்வது அபூர்வம். ஆகவே 'காரணத்தை எழுத்தில் தாருங்கள்' என்று கேட்பதில் பயமோ வெட்கமோ வேண்டாம்.

இரண்டாவது, குற்றம் எதுவும் இல்லாமல் நிறுத்துவது. 'கொழுந்து இல்லை, ஆள் கூடிப் போச்சு, மலையை மூடப் போகிறோம்' என்பார்கள். இப்படி நிறுத்துவதற்கு, அதே 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்து மூலமான அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. இங்கே நாம் மன்னிப்புக் கேட்க ஒன்றுமில்லை. தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்ய வேண்டும். மீண்டும் வேலையும் நின்ற நாட்களின் சம்பளமும் கொடுக்கும்படி உத்தரவிட ஆணையாளருக்கு அதிகாரம் உண்டு. 180 நாட்களோ அதற்கு மேலோ சேவை உள்ளவர்களுக்கே இந்தப் பாதுகாப்பு. இதற்கும் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது, 'தானாக வேலையை விட்டுப் போனார்' என்று பேரை வெட்டுவது. நம் குடும்பங்களில் இதுதான் அதிகம் நடக்கிறது. கொழும்பில் கடை வேலைக்குப் போவது, பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீட்டுக்குப் போவது, ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்கப் போய் நாள் கடந்துவிடுவது என்று எத்தனையோ காரணம். திரும்பி வந்து பெரட்டுக்குப் போனால், "உங்க பேர் இல்ல" என்கிறார் கணக்கப்பிள்ளை.

ஒருவர் வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு வேலைக்கு வராமல் இருந்தது மட்டும் போதாது. வேலையை விட்டுவிடும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நமது நீதிமன்றங்கள் பல வழக்குகளில் இதைச் சொல்லியிருக்கின்றன. ஆகவே ஊருக்குத் திரும்பியவுடன் 'எனக்கு வேலை வேண்டும்' என்று எழுதிக் கொடுக்கும் கடிதம் வெறும் வேண்டுகோள் மட்டுமில்லை. வேலையை விடும் எண்ணம் நமக்கு இருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

பிள்ளைப்பேறு காரணமாக மட்டும் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதும், சங்கத்தில் சேர்ந்த காரணத்துக்காக ஒருவரை நீக்குவதும் தனியே சட்டத்தால் தடுக்கப்பட்டவை. அப்படி நடந்தால் தாமதிக்காமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

மீண்டும் எடுப்பதில் இரண்டு விதம்

ஆபீசில் "சரி, நாளைக்கு வேலைக்கு வா" என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் இருக்கலாம்.

ஒன்று, பழைய இடத்திலேயே மீண்டும் சேர்ப்பது. இதில் பழைய சேவைக்காலம் அறுபடாமல் தொடரும். ஊழியர் சேமலாப நிதி பழைய இலக்கத்திலேயே போகும். இடையில் நின்ற காலத்துக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது பேசித் தீர்க்க வேண்டியது.

மற்றது, புதுப்பேர் பதிவது. இதில் நீங்கள் நேற்று வந்த ஆள் போல. பழைய சேவை அன்றோடு முடிந்துவிட்டது. புதிய சேவை பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

வேலை ஒன்றுதான், மலை ஒன்றுதான், கூடை ஒன்றுதான். வித்தியாசம் கடைசியில் சேவைக்காலப் பணம் வாங்கும்போதுதான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷமோ அதற்கு மேலோ சேவை செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகக் கிடைக்க வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. கணக்கு இலகுவாக இருப்பதற்காக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம்.

கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்கு 18 வருஷ சேவை. அவருடைய வேலை நிறுத்தப்பட்டு, இரண்டு மாதத்தில் திரும்ப எடுக்கப்படுகிறார். அதன் பிறகு நான்கு வருஷம் வேலை செய்து ஓய்வு பெறுகிறார்.

பழைய இடத்திலேயே சேர்த்திருந்தால்: 22 வருஷம், வருஷத்துக்கு 14 நாள், மொத்தம் 308 நாள். அதாவது 308,000 ரூபா.

புதுப்பேராகச் சேர்த்திருந்தால்: பிந்திய நான்கு வருஷம் ஐந்து வருஷத்துக்குக் குறைவு. ஆகவே அதற்கு ஒன்றுமில்லை. முந்திய 18 வருஷத்துக்கு 252 நாள், 252,000 ரூபா. அதுவும் முதலில் நிறுத்திய நாளின் சம்பளத்தில்தான் கணக்கு. இடையில் நாட்சம்பளம் உயர்ந்திருந்தால் அந்த உயர்வு இந்தப் பதினெட்டு வருஷத்துக்குச் சேராது. அந்தப் பணத்தை நிறுத்திய 30 நாளுக்குள் தோட்டம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் "அதான் வேல குடுத்துட்டாங்களே, அப்புறம் என்னத்த கேக்குறது" என்று அக்கா அதைக் கேட்காமலே விட்டுவிட்டால், கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?

ஆகவே மீண்டும் வேலை கிடைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "பழைய சேவை தொடருமா? பழைய சேமலாப நிதி இலக்கம்தானா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புதுப்பேரைத் தவிர வேறு வழி இல்லை என்ற நிலை சிலருக்கு வரலாம். அடுப்பு எரிய வேண்டுமே. அப்படியானால் பழைய சேவைக்கான பணத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். வேலை நீக்கப்பட்டவருக்குச் சேவைக்காலப் பணம் இல்லை என்பது தவறான பேச்சு. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம் செய்தது, பொருள் நட்டம் ஏற்படுத்தியது போன்ற காரணத்துக்காக நீக்கப்பட்டிருந்தால் மட்டுமே, அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடித்துக்கொள்ள முடியும். கங்காணியோடு வாய்ச் சண்டை போட்டதற்காகப் பதினெட்டு வருஷப் பணத்தை யாரும் பிடிக்க முடியாது.

ஆறு மாதக் கெடு

தொழில் நியாய சபைக்கு மனுவை, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தக் கெடு எப்படி நழுவிப் போகிறது என்று பாருங்கள்.

ஒருவருக்கு ஒக்டோபர் 5ஆம் திகதி வேலை நின்றதாக வைத்துக்கொள்வோம். துரையைப் பார்க்கிறார். "தீபாவளி வேலை நெறைய இருக்கு, அது முடியட்டும் பாப்போம்" என்று பதில் வருகிறது. தீபாவளி முடிந்து போகிறார். துரை லீவில் போய்விட்டார். மார்கழி போகிறது. "பொங்கலுக்குப் பொறகு வா" என்கிறார்கள். பொங்கலும் முடிகிறது. "புது துரை வாறாரு, அவருகிட்ட பேசு" என்கிறார்கள். புதிய துரை பழைய கோப்பைப் பார்க்க வேண்டும் என்கிறார். மாரியம்மன் திருவிழா வந்துவிடுகிறது. ஏப்ரல் 5 கடந்து போகிறது. யாரும் 'முடியாது' என்று ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனாலும் முடிந்துவிட்டது.

இதில் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு நாளைக் கடத்தினார்கள் என்று சொல்ல முடியாது. சில துரைமார் உண்மையாகவே உதவ நினைத்திருக்கலாம். ஆனால் நல்ல மனசு கெடுவை நிறுத்தாது.

ஒரு தோட்டத்தில் தலைவருக்கும் ஓர் அம்மாவுக்கும் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"தலைவரே, லேபர் கோட்டுக்கு எழுதிப் போட்டா தொரைக்கு கோவம் வந்துரும். அப்பறம் இவருக்கு வேல குடுக்கவே மாட்டாரு. கொஞ்சம் பொறுத்துப் பாப்போமே."

"பொறுத்துப் பாக்கலாம்மா, எழுதிப் போட்டுட்டும் பொறுத்துப் பாக்கலாம். எழுதாம பொறுத்தா கெடு போயிரும். எழுதிட்டுப் பொறுத்தா கெடு போகாது. ரெண்டுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைவர் சொன்னது சட்டத்திலும் இருக்கிறது. மனுவைக் கொடுத்த பிறகு, அதே விஷயத்தைப் பற்றிச் சங்கமும் நிர்வாகமும் பேசிக் கொண்டிருக்கின்றன என்று தெரிந்தால், தொழில் நியாய சபை விசாரணையை நிறுத்தி வைத்து, பேச்சு முடியும்வரை காத்திருக்கும். பேச்சில் தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் விசாரணை தொடரும். ஆகவே மனுக் கொடுப்பது பேச்சுக்குக் கதவை அடைப்பதாகாது.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம் என்பதற்காகவும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அது ஒரு வழி, நியாய சபை இன்னொரு வழி. ஒன்றில் போட்ட மனு மற்றதின் கெடுவைப் பாதுகாக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். எந்த வழி பொருத்தம் என்பதைச் சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரில் வேலை நின்ற நாளையும் ஆறு மாதம் முடியும் நாளையும் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். மூன்றாம் மாதம் முடிவதற்குள் மனுப் போய்விட வேண்டும் என்று வீட்டில் தீர்மானித்துக் கொள்ளுங்கள்.

துரையிடம் கேட்கும் முறை

வேலை நின்ற அந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைத் தமிழில் எழுதலாம். பிள்ளைகளில் யாராவது எழுதிக் கொடுக்கலாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் 'கிடைத்தது' என்று திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துத் தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாதிரிக்கு ஒரு கடிதம்:

'தோட்ட முகாமையாளர் அவர்களுக்கு,

நான் இத்தோட்டத்தில் ........ ஆண்டு முதல் பதிவுபெற்ற தொழிலாளியாக வேலை செய்து வருகிறேன். எனது சேமலாப நிதி இலக்கம் ........ ஆகும். ........ ஆம் திகதி வேலைக்கு வந்தபோது எனக்கு வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக் கொள்கிறேன்.

........ ஆம் திகதி முதல் ........ ஆம் திகதி வரை நான் வேலைக்கு வராததற்குக் காரணம் ........ ஆகும். இதற்கான அத்தாட்சியை இணைத்துள்ளேன். வேலையை விட்டுவிடும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அறிவிக்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

எனது முன்னைய சேவை தொடரும் விதமாக என்னை மீண்டும் வேலையில் சேர்க்குமாறு தயவாய்க் கேட்டுக் கொள்கிறேன். இக்கடிதத்தால் எனது சட்ட உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.'

இந்தக் கடிதத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது. நம் பக்கம் தவறு இருந்தால் அதை ஒரு வரியில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிப்பது நல்லது. நேர்மையாகப் பேசும் ஆளுக்கு நிர்வாகத்திடமும் மதிப்பு உண்டு, விசாரணையிலும் மதிப்பு உண்டு. ஆனால் செய்யாத குற்றத்தை 'வேலை கிடைக்கும்' என்ற ஆசையில் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கவே கூடாது. வேலை கிடைக்காவிட்டால் அந்தத் தாளே நமக்கு எதிராக வரும்.

நேரில் பேசப் போகும்போது தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள். ஆட்களைத் திரட்டிக்கொண்டு பங்களா வாசலில் நின்று சத்தம் போடுவதால், முதலில் இருந்த சிறிய குற்றச்சாட்டோடு இன்னொரு பெரிய குற்றச்சாட்டும் சேரும்.

கையெழுத்து வைக்கும் முன்

மீண்டும் வேலை தருவதாகச் சொல்லி நீட்டப்படும் தாள்களில் நான்கைக் கவனியுங்கள்.

முதலாவது, விலகல் கடிதம். "நீயே விலகுறேன்னு எழுதிக் குடு, அடுத்த மாசம் புதுசா எடுத்துக்கலாம்" என்பார்கள். தானாக விலகினால் யாரும் நம்மை நீக்கவில்லை என்றாகிவிடும். பிறகு நியாய சபையில் போய் 'என்னை நீக்கிவிட்டார்கள்' என்று சொல்வது மிகவும் கஷ்டம். அடுத்த மாதம் எடுப்பார்கள் என்பதற்கோ எந்த அத்தாட்சியும் இருக்காது.

இரண்டாவது, புதிய நியமனக் கடிதம். அதில் சேவை தொடங்கும் திகதியைப் பாருங்கள். பழைய திகதியா, புதிய திகதியா?

மூன்றாவது, கைக்காசு வேலை. பேர் பதியாமல், அன்றன்றைக்குப் பறித்த கிலோவுக்குக் காசு. அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் சேமலாப நிதியும் போகாமல், செக்ரோலில் பேரும் இல்லாமல் வருஷக் கணக்கில் அதிலேயே இருந்துவிட்டால், பிற்காலத்தில் சேவையை நிரூபிப்பது பெரும்பாடு. தேயிலைக் காணியைப் பங்கு பிரித்து, 'நீ பராமரித்துக் கொழுந்தைக் கொடு' என்னும் முறையும் சில தோட்டங்களில் இருக்கிறது. அதில் நீங்கள் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்து வையுங்கள்.

நான்காவது, 'எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்னும் தாள். பணத்தை எண்ணிப் பார்க்காமல், சங்கத்தைக் கேட்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

தாள் இங்கிலீசில் இருந்தால் தமிழில் சொல்லித் தரும்படி கேளுங்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். கடிதம் கிடைத்ததற்கு மட்டும் கையெழுத்து என்றால் 'கிடைத்தது' என்று எழுதித் திகதி போட்டு வையுங்கள்.

நியாய சபையில் என்ன நடக்கும்?

அங்கே போக வக்கீல் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. சங்கத்தின் பிரதிநிதி உங்களுக்காகப் பேசலாம். தோட்டம் 'நாங்கள்தான் நீக்கினோம்' என்று ஒப்புக்கொண்டால், நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டியது தோட்டத்தின் பொறுப்பு. 'நாங்கள் நீக்கவில்லை, அவர்தான் போனார்' என்று சொன்னால், நீக்கப்பட்டதைக் காட்ட வேண்டியது நமது பொறுப்பு. முதல் வாரத்தில் எழுதிய கடிதமும் தபால் ரசீதும் இங்கேதான் பேசும்.

சபை நியாயமும் ஒப்புரவும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். குற்றம் எவ்வளவு பெரியது, முன்பு நடத்தை எப்படி, எத்தனை வருஷ சேவை என்பதெல்லாம் பார்க்கப்படும். எல்லாருக்கும் வேலை திரும்பக் கிடைத்துவிடாது. களவு, அடிதடி போன்றவை நிரூபிக்கப்பட்டால் கிடைப்பது மிகவும் கஷ்டம். சிலருக்கு வேலைக்குப் பதிலாக நட்டஈடு கிடைக்கும். தீர்ப்புப் பிடிக்காத தரப்பு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆகவே காலம் எடுக்கும். அதனால்தான், மனுவைப் போட்டுவிட்டு, பழைய சேவையோடு மீண்டும் சேர்ப்பது என்ற அடிப்படையில் இணக்கம் பேசுவது பல குடும்பங்களுக்கு நல்ல வழியாக இருக்கிறது. இணக்கத்தையும் எழுத்தில் பதிந்து கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

வேலை போனவரை வீட்டில் குத்திப் பேசாதீர்கள். வெட்கத்தால் அவர் ஆபீசுக்கும் போகாமல் சங்கத்துக்கும் போகாமல் ஒதுங்கிவிட்டால், நட்டம் முழுக் குடும்பத்துக்கும்தான்.

சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிக் கடிதங்கள், ஆஸ்பத்திரித் துண்டு, லீவுக் கடிதம், பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

சங்கச் சந்தா சம்பளத்தில் வெட்டப்பட்டு வந்திருக்கும். பேர் வெட்டுப்பட்டதும் அதுவும் நின்றுவிடும். சந்தாவைக் கையில் கட்டி ரசீது வாங்குங்கள்.

இடையில் மரக்கறித் தோட்டத்துக்கோ கட்டட வேலைக்கோ கூலிக்குப் போவதில் பிழையில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டும். விசாரணையில் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் தூர இடத்துக்குப் போகிறவர் கடிதம் வந்தால் தகவல் சொல்ல வீட்டில் ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போக வேண்டும்.

வீட்டை விடும்படி சொன்னால் பதறிப்போய்ச் சாமான்களை வெளியே எடுக்க வேண்டாம். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாரையும் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. உடனே சங்கத்துக்கு அறிவியுங்கள்.

பாடத்தை மீட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள கேள்விகளை மாதர் சங்கக் கூட்டத்திலோ வீட்டிலோ ஒருவரை ஒருவர் கேட்டுப் பாருங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்.

1. இடைநிறுத்தத்துக்கும் வேலை நீக்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

2. 'ஆள் கூடிப் போச்சு' என்று நிறுத்துவதற்கு யாருடைய சம்மதம் அல்லது அனுமதி வேண்டும்?

3. பழைய இடத்தில் சேர்ப்பதற்கும் புதுப்பேர் பதிவதற்கும் சேவைக்காலப் பணத்தில் என்ன வித்தியாசம்? உங்கள் வீட்டில் ஒருவருடைய சேவையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

4. மார்ச் 10ஆம் திகதி வேலை நீக்கப்பட்டவர் எந்த மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும்? நாளைக்கே துரை 'பார்ப்போம்' என்று சொன்னால் அந்தக் கெடு மாறுமா?

5. 'விலகுகிறேன் என்று எழுதிக் கொடு' என்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

நான்காவது கேள்விக்கு விடை: செப்டெம்பர் 10ஆம் திகதிக்கு முன்னர். 'பார்ப்போம்' என்ற சொல்லால் கெடு மாறாது.